கண்ணாடிப் படகில் பவளப்பாறை: மன்னார் வளைகுடாவில் ஒரு பயணச் சேவை குறித்த மதிப்பீடு

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்திலிருந்து, பவளப்பாறைகளைக் காட்டுவதற்கென்றே இயக்கப்படும் கண்ணாடித் தளப் படகில் 2025 பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், மதுரையிலிருந்து வந்திருந்த மாமனார் ஆகியோருடன் சென்று வந்தேன். பெரியவர்களுக்கு ஆளுக்கு 350 ரூபாய் கட்டணம். கடலில் கழியும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. இதே கடற்பகுதியை 2015 மார்ச்சில் ஓர் ஆய்வு மாணவருடன் உரிய அனுமதியோடு சென்று, முகக்கண்ணாடி அணிந்து நீந்திப் பார்த்திருக்கிறேன். ஆகையால் இந்த மதிப்பீட்டில் படகின் வசதி வசதிக்குறைவுகளைக் காட்டிலும், பத்தாண்டு இடைவெளியில் அந்தக் கடலுக்கு நேர்ந்ததை இச்சேவை எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்பதே எனக்கு முதன்மையாகப் பட்டது.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் போகலாம். வழிகாட்டியாக வந்த மீனவரின் விளக்கமும், உடைந்த பவளத்தை மீண்டும் நட்டு வளர்க்கும் பாத்தியின் மேல் படகு நின்ற இருபது நிமிடங்களும் கொடுத்த பணத்துக்குப் பல மடங்கு ஈடானவை. அதே நேரத்தில், காட்டுகிற பவளத்தையே காயப்படுத்தும் ஒரு பழக்கமும் இச்சேவையில் இருக்கிறது. அதை மறைத்துப் பாராட்டை மட்டும் எழுதினால் அந்தக் கடலுக்கு நான் செய்யும் துரோகமாக ஆகிவிடும். நடத்துபவர்களின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். குறையை எடுத்துச் சொன்னபோது அவர்கள் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள், திருத்திக்கொள்ள அவர்களுக்குக் காலம் கொடுப்பது முறை என்று கருதுகிறேன்.

பதிவு செய்வதில் சிரமம் எதுவும் இல்லை. முந்தின நாள் தொலைபேசியில் பெயர்களைச் சொல்லிவிட்டால் போதும். காற்று கூடினால் படகு இறங்காது என்பதையும், அவ்வாறு நேர்ந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்பதையும் அவர்களே முன்கூட்டிச் சொல்கிறார்கள். கரையில் நிழலும் குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் இருந்தன. உயிர்காப்பு உடையின் வாரைச் சரியாக இழுத்துக் கட்டாத ஒருவரையும் படகில் ஏற்றவில்லை. முழங்கால் வலி உள்ள என் மாமனாரை இரண்டு இளைஞர்கள் தாங்கிப் பிடித்து ஏற்றிய விதத்தில் பரிவு இருந்தது. படகில் பன்னிரண்டு பேர் அமரலாம். நாங்கள் பதினொரு பேர் இருந்தோம்.

கரையிலிருந்து தீவுப் பக்கம் செல்லும் வழியில் முதலில் வருவது கடல்தாழைப் படுகை. படகின் வேகத்தை அங்கே குறைத்துவிடுகிறார்கள். நீளநீளமான பசும் இலைகள் ஒரே திசையில் சாய்ந்தாடுவதைக் கண்ணாடி வழியே பார்த்தபோது, வயலைத்தான் தண்ணீருக்குள் இறக்கிவைத்திருக்கிறார்களோ என்று என் மகள் கேட்டாள். ஆவுளியா மேய்கிற இடம் இது என்று வழிகாட்டி சொன்னார். கடற்பசுவுக்கு இக்கரை மக்கள் வழங்கும் பெயர் அது. அதைக் கண்டுவிடலாம் என்று எவரும் ஆசையோடு போக வேண்டாம்; வாழ்நாள் முழுவதும் கடலுக்குப் போய்வரும் மீனவர்களுக்கே அரிதாகத் தென்படும் விலங்கு அது. அதன் மேய்ச்சல் நிலத்தைக் கண்ணால் பார்த்ததே எங்களுக்கு நிறைவாக இருந்தது.

கண்ணாடியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். இச்சேவையின் உயிர்நாடியே அதுதான். படகின் நடுப்பகுதியில், தரையோடு தரையாக நான்கு பலகைகள் பதிக்கப்பட்டு, சுற்றிலும் அமர்ந்து குனிந்து பார்க்கும்படி இருக்கைகள் போடப்பட்டுள்ளன. நான்கில் இரண்டு தெளிவாக இருந்தன. ஒன்றின் அடிப்பக்கத்தில் பாசி படிந்து காட்சி பச்சையாகக் கலங்கித் தெரிந்தது. மற்றொன்றில் மணல் உரசிய கீறல்கள் நிறைய இருந்தன. ஏறும்போதே முன்பக்கத்துப் பலகைகளுக்கு அருகில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. இப்பகுதியின் பவளப்பாறைகள் பெரும்பாலும் ஆழம் குறைந்த நீரில், சில இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரிலேயே இருப்பதால், கண்ணாடிக்கும் பவளத்துக்கும் இடையில் தூரம் அதிகம் இல்லை. வெயில் செங்குத்தாக இறங்கத் தொடங்கும் காலை பத்தரை மணிக்கு மேல் நிறங்கள் துலங்குகின்றன. எட்டு மணிக்குப் புறப்படும் முதல் நடையில் அந்த வெளிச்சம் கிடைக்காது.

அந்தமானிலோ இலட்சத்தீவிலோ எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு, அதே நீலத்தை இங்கே எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். மன்னார் வளைகுடாவின் தண்ணீரில் வண்டல் அதிகம். அந்தக் கலங்கலுக்குள்ளும் 117 வகைக் கடினப் பவளங்கள் இங்கே பதிவாகியுள்ளன என்பதுதான் இக்கடலின் பெருமை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் கடலையும் சேர்த்து 1986ஆம் ஆண்டில் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அத்தீவுகளில் இரண்டு, விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும், இன்று நீருக்கு அடியில் இருக்கின்றன. இந்தச் செய்தியை வழிகாட்டி சொன்னபோது படகில் பேச்சு நின்றுவிட்டது. தீவு மூழ்கும் என்பதைத் தொலைதூர நாடுகளின் செய்தியாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம்.

அந்த வழிகாட்டியைப் பற்றித்தான் நான் மிகுதியாக எழுத விரும்புகிறேன். ஐம்பது வயதைக் கடந்தவர். சங்கு குளித்த குடும்பத்தில் பிறந்தவர். பவளப்பாறை என்ற சொல்லை அவர் அதிகம் பயன்படுத்தவில்லை. 'பார்' என்றே சொன்னார். முத்துச் சிப்பி விளையும் கடலடித் திட்டுக்கும், மீன் கூடும் பாறைப் பரப்புக்கும் இக்கரை முழுவதும் வழங்கும் பழைய சொல் அது. ஆனைப்பார் என்று ஒரு தீவுக்கே பெயர் இருக்கிறது. எந்தப் பாரில் எந்த மாதத்தில் ஓரா மீன் மேயும், எதில் களவா பதுங்கும் என்பதையெல்லாம் அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். கடலடியைச் சுற்றுலாக் காட்சியாக மட்டும் காணாமல் ஒரு வாழ்விடமாக எங்களைக் காண வைத்தது அவருடைய அந்தச் சொல்வளம்தான்.

முதல் நிறுத்தத்தில் அவர் காட்டியது ஓர் இறந்த பரப்பு. சாம்பல் நிறத்தில், உடைந்த கொம்புகளைப் போலத் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த பவளச் சல்லியின் மேல் பாசி மூடியிருந்தது. அழகான இடத்துக்கு முதலில் அழைத்துச் சென்று கைதட்டல் வாங்கியிருக்கலாம். அவர் வேண்டுமென்றே இங்கே தொடங்கினார். தம்முடைய பதினைந்தாவது வயதில் இதே பகுதியில் முக்குளித்துக் கல் எடுத்ததாக அவரே சொன்னார். "அன்னைக்கு ஒரு வள்ளம் நெறயக் கல்லு எடுத்தா வீட்டுல அடுப்பெரியும் சார். அது திரும்ப வளர எத்தன வருசம் ஆகும்னு எங்களுக்கு யாரும் சொல்லல" என்றார். இக்கடற்கரையில் பல பத்தாண்டுகள் பவளக்கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து, வீடு கட்டவும் சுண்ணாம்பு நீற்றவும், கால்சியம் கார்பைடு செய்யவும் அனுப்பியிருக்கிறார்கள். என் மாமனார் இதைக் கேட்டு, தம் சிறுவயதில் கடற்கரைப் பக்கத்துக் காளவாசலில் வெள்ளைக் கல்லைக் குவித்து எரித்ததைப் பார்த்திருப்பதாகவும், அது உயிருள்ள ஒன்றின் எலும்பு என்று இந்த எழுபத்திரண்டு வயது வரை அறிந்திருக்கவில்லை என்றும் சொன்னார். "எங்களுக்கே பொறவுதான் ஐயா தெரியும்" என்றார் வழிகாட்டி.

2001ஆம் ஆண்டில் கடினப் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; புலிக்கு என்ன காப்போ அதே காப்பு. எனினும் சட்டம் ஒன்று மட்டும் கல்லெடுப்பை நிறுத்திவிடவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை வந்தபோது தீவுகளும் அவற்றின் பார்களும் அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டதைக் கரையில் இருந்தவர்கள் உணர்ந்தார்கள் என்றும், அதன் பிறகு கல்லெடுக்கப் போவதை ஊர்க் கூட்டமே தடுத்தது என்றும் அவர் விளக்கினார். வழிகாட்டிகளுக்கு எழுதிக் கொடுக்கப்படும் மனப்பாடப் பேச்சில் இப்படி ஒரு செய்தி கிடைக்காது. கடலைக் கெடுத்தவர்கள் என்று வெளியிலிருந்து வருபவர்கள் எளிதில் சுட்டிக்காட்டும் மக்களுள் ஒருவர், தாம் செய்ததையும் செய்ய நேர்ந்த வறுமையையும் பின்னர் அதை நிறுத்தியதையும் தம் வாயாலேயே சொல்லக் கேட்பது இப்பயணத்தில் மட்டுமே கிடைக்கும் பேறு.

இரண்டாவது நிறுத்தம் எனக்கு வலித்தது. 2015இல் நான் நீந்திப் பார்த்த பரப்புக்கு மிக அருகில் அது இருந்தது. அன்று அங்கே மேசைபோல் விரிந்த அக்ரோபோராப் பவளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன. வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடி சோடியாக அவற்றின் இடுக்குகளில் புகுந்து வந்தன. இப்போது மேசைகளின் வடிவம் மட்டும் அங்கங்கே நின்றுகொண்டிருக்கிறது, உயிர் இல்லை. 2016 கோடையில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறி வாரக்கணக்கில் ஆறாமல் நின்றதன் விளைவு அது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. கோடை உச்சத்தைக் காட்டிலும் ஒரு பாகை, இரண்டு பாகை வெப்பம் கூடி நீடித்தால் பவளம் அந்த நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சூடு விரைவில் தணிந்தால் பாசி திரும்பக் குடியேறும், தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் உலகின் பல கடல்களோடு சேர்ந்து இக்கடலும் இவ்வாறு வெளுத்தது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. இவை போதாதென்று 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடலில் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நுண்ணுயிர் அளவின்றிப் பெருகி, நீர் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரையொதுங்கின. நீரில் உயிர்வளி குறைந்ததால் அப்பகுதிப் பவளங்களும் அடிபட்டன.

வெளுப்பைப் பற்றிய விளக்கத்தை வழிகாட்டி சுருக்கமாகவே சொன்னார். மேலே எழுதியதில் பாதி நான் முன்பே அறிந்திருந்தது. ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அட்டையில் ஒட்டிப் படகில் வைத்திருந்தால் அறிவியல் தெரியாத பயணிக்கும் இழப்பின் அளவு விளங்கும் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். செலவு அதிகம் ஆகாத காரியம் அது.

மூன்றாவது நிறுத்தத்துக்காகத்தான் நான் எல்லோரையும் போகச் சொல்கிறேன். மணற்பாங்கான ஒரு பரப்பில் சிமெண்டுச் சட்டங்கள் வரிசையாக வைக்கப்பட்டு, அவற்றின் மேல் நட்ட பவளங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. முதல் பார்வைக்குக் கட்டுமான வேலை பாதியில் நின்றுபோன இடத்தைப் போலத் தெரிந்தது. படகு மெல்ல நகர்ந்து சட்டத்துக்கு நேர் மேலே வந்ததும், பழுப்பும் இளமஞ்சளும் நுனியில் வெளிர்நீலமுமாகக் கிளைகள் விரிந்து நிற்பது தெரிந்தது. கிளை நுனி வெளிறி இருந்தால் அது வளர்கிறது என்று பொருள் என்றார் வழிகாட்டி. என் மகள் அதன் பிறகு ஒவ்வொரு சட்டத்திலும் நுனிகளை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

நடும் முறையை அவர் விளக்கியது மிகத் தெளிவாக இருந்தது. நலமாக உள்ள ஒரு பாரிலிருந்து, தாய்ப் பவளம் தாங்கும் அளவுக்கு மட்டும் விரல் நீளத் துண்டுகளை எடுக்கிறார்கள். புயலிலும் அலையிலும் தானாகவே ஒடிந்து மணலில் கிடக்கும் துண்டுகள் கிடைத்தால் அவற்றுக்கே முதலிடம். வெயிலும் காற்றும் படாமல், கடல்நீரிலேயே வைத்து எடுத்துவந்து, சிறு சிமெண்டுப் பலகைகளில் நைலான் நரம்பால் அசையாதபடி கட்டுகிறார்கள். கட்டு தளர்ந்து துண்டு ஆடிக்கொண்டே இருந்தால் அது பிடிக்காது. அசையாமல் நின்றால் சில வாரங்களில் பவளத்தின் திசு கட்டின் மேலேயே படர்ந்து சிமெண்டைப் பற்றிக்கொள்கிறது. பிறகு அப்பலகைகளைச் சட்டங்களில் பொருத்துகிறார்கள். நட்டுவிட்டு வந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. பாசி மூடாமல் அவ்வப்போது துலக்க வேண்டும், பவளத்தைத் தின்னும் நத்தைகளைப் பொறுக்க வேண்டும், அறுந்து வந்து சிக்கும் வலைத்துண்டுகளை நீக்க வேண்டும். நாற்றங்காலில் களை பறிப்பது போன்ற வேலை என்று அவர் சொன்னது பொருத்தமாக இருந்தது. கிளைப் பவளங்கள் நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வளரக்கூடியவை. உருண்டுதிரண்ட போரைட்டிஸ் போன்றவை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு காலத்தில் கடப்பாரையால் பெயர்த்தெடுத்தது பெரும்பாலும் இரண்டாவது வகையை என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

மன்னார் வளைகுடாவில் இம்முறையைத் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் செய்து பார்த்துச் செம்மைப்படுத்தியது. வனத்துறையோடு இணைந்து பின்னர் அது பல தீவுகளுக்கு விரிவடைந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு அலையரிப்பால் சுருங்கிச் சுமார் ஒன்றரை ஹெக்டேராகக் குறைந்துவிட்ட நிலையில், 2015 முதல் அதன் கடல்முகத்தில் துளைகள் கொண்ட சிமெண்டுக் கட்டமைப்புகளை இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து தீவு மேலும் கரைவது நின்றது. அக்கட்டமைப்புகளின் மேல் பவளக் குஞ்சுகள் தாமாகவே வந்து படியவும் தொடங்கின. இச்செய்திகளை எங்கள் வழிகாட்டி பெருமிதத்தோடு பகிர்ந்துகொண்டார். நடவு வேலைக்குக் கூலிக்குப் போனவர்களுள் அவரும் ஒருவர். கல்லெடுத்த அதே கை துண்டைக் கட்டப் பழகிய கதையை எந்த மிகையும் இல்லாமல், கூலி எவ்வளவு, தண்ணீருக்குள் எத்தனை மணி நேரம் என்ற கணக்கோடு அவர் சொன்னார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, நட்டு வளர்த்தே எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு சிலர் கரையேறினார்கள். ஒருவர் அப்படியே வாய்விட்டுச் சொன்னார். இந்த இடத்தில் விளக்கம் இன்னும் கறாராக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மன்னார் வளைகுடாவின் பவளப் பரப்பு ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர்; அதில் சுமார் 32 சதுர கிலோமீட்டர் கல்லெடுப்பாலும் பிற காரணங்களாலும் ஏற்கெனவே சீரழிந்திருந்ததாக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த கணக்கெடுப்பு சொல்கிறது. சட்டங்கள் நிரப்பும் இடத்தைச் சதுர மீட்டரில்தான் சொல்ல முடியும். அடுத்த பெரும் வெப்பம் வந்தால் நட்ட பவளமும் நடாத பவளமும் ஒன்றாகவே வெளுக்கும். நடவு, சூடு தணியும்வரை விதைநெல்லைக் காப்பாற்றிவைப்பது போன்ற வேலை; அதைச் செய்யாமல் இருக்க முடியாது, அதை மட்டும் செய்துகொண்டிருக்கவும் முடியாது. கடலில் கலக்கும் கழிவுநீர், பாரில் சிக்கிக் கிடக்கும் வலைகள், பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் ஒதுக்கித் தரும் ஓராவையும் கிளிமீனையும் அளவின்றிப் பிடிப்பது ஆகியவை குறைந்தால்தான் வெளுத்த பவளத்துக்கு மீண்டெழும் தெம்பு இருக்கும். உயிரோடிருக்கும் பாரைக் கெடாமல் காப்பது, கெட்ட பாரை நட்டு மீட்பதைவிடச் செலவு குறைந்தது என்பதையும் பயணிகளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

இனி அந்தக் குறைக்கு வருகிறேன். இரண்டாவது நிறுத்தத்திலிருந்து மூன்றாவதற்குப் போகும் வழியில், வேறொரு படகு முன்னால் நின்றதால் எங்கள் படகைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. பின்பக்கத்தில் இருந்த இளைஞர் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். கண்ணாடிக்கு அருகில் குனிந்திருந்த எங்களுக்கு அது இறங்கியது தெளிவாகத் தெரிந்தது: சல்லியின் நடுவே தப்பிப் பிழைத்து நின்ற ஒரு கிளைப் பவளத்தின் ஓரத்தில் விழுந்து, கயிறு இழுபட்டபோது நான்கைந்து கிளைகளை முறித்துக்கொண்டு நகர்ந்தது. முறிந்த இடங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. என் மகள் "அப்பா" என்று கத்தினாள். வழிகாட்டி எழுந்து அந்த இளைஞரை அதட்டி நங்கூரத்தை மேலே எடுக்கச் சொன்னார். பிறகு சிறிது நேரம் அவர் எங்களோடு பேசவில்லை. முறிந்த துண்டுகளை மறுநாள் முக்குளித்து எடுத்துச் சட்டத்தில் கட்டிவிடுவதாகப் பின்னர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் சொன்னதைச் செய்திருப்பார் என்று நம்புகிறேன். ஆயினும் நாள்தோறும் பல நடைகள் போகும் ஒரு சேவையில் இது ஒருவருடைய கவனக்குறைவோடு முடிந்துபோகும் செய்தியன்று. நிறுத்துமிடங்களில் கடலடி மணலில் நிலையாக ஊன்றிய மிதவைகள் இருந்தால், படகை அவற்றில் கட்டிவிட்டு நங்கூரத்தைத் தொடாமலேயே இருக்கலாம். சுற்றுலாப் படகுகள் வரும் பவளக்கடல்களில் உலகெங்கும் கையாளப்படும் எளிய ஏற்பாடு அது.

மற்றக் குறைகள் இதை நோக்கச் சிறியவை. பக்கத்தில் நின்ற படகிலிருந்து ஒருவர் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டார், மீன்கள் மொய்த்தன, எங்கள் படகிலும் அதைப் பார்த்துச் சிலர் ஆசைப்பட்டார்கள். வழிகாட்டி தடுத்துவிட்டார் என்றாலும், ஏறும் இடத்திலேயே பலகையில் எழுதிவைத்திருந்தால் அவர் ஒவ்வொரு நடையிலும் வாதாட வேண்டியிருக்காது. பாசியை மேய வேண்டிய மீனுக்குப் பிஸ்கட்டைப் பழக்கினால் பவளத்துக்கும் கேடு, மீனுக்கும் கேடு. அதே பலகையில் நெகிழிப் பொட்டலங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். தாழ்நீர் நேரத்தில் ஆழம் மிகக் குறைந்த பரப்புகளின் மேல் படகைச் செலுத்துவதும் கவலை தந்தது. ஓரிடத்தில் அடிப்பகுதி எதிலோ உரசும் ஓசை கேட்டது. நீர் ஏறும் நேரத்தைக் கணக்கிட்டு நடைகளை அமைப்பது மீனவர்களுக்குத் தெரியாத கலையன்று.

பாராட்ட வேண்டிய ஒன்றைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. கரையேறும் முன், படகில் வந்த ஒரு பெரியவர், செத்த பவளம்தானே, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வைக்க ஒரு துண்டு எடுத்துத் தர முடியுமா, தனியாகப் பணம் தருகிறேன் என்று கேட்டார். வழிகாட்டி கோபப்படவில்லை. செத்ததை எடுத்தாலும் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிட்டு, அந்தச் செத்த கல்லின் மேல்தான் புதிய குஞ்சு வந்து ஒட்டும், அதை எடுத்துவிட்டால் அது எங்கே போய் உட்காரும் என்று கேட்டார். பவளக்குஞ்சுகள் நீரில் மிதந்து வந்து கெட்டியான பரப்பைத் தேடிப் படிகின்றன என்ற உயிரியல் உண்மையை இதைவிட எளிமையாக நான் வகுப்பறையிலும் கேட்டதில்லை. அப்பெரியவரும் அதை ஏற்றுக்கொண்டார். கடற்கரை ஊர்க் கடைகளில் அலங்காரப் பொருளாகப் பவளத் துண்டைக் கண்டால் யாரும் வாங்க வேண்டாம் என்று நானும் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

போக விரும்புபவர்கள் சனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை உள்ள நாட்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாடைக்காற்று தணிந்து, கச்சான் காற்று இன்னும் எழாத அந்த இடைவெளியில்தான் இக்கடல் தெளிந்து கிடக்கும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குக் காற்றில் அலை உயர்ந்து, வண்டல் கலங்கி, கண்ணாடியின் கீழே எதுவும் தெரியாது. அக்கோடையில் வெளுப்பு நேர்ந்திருந்தால் பவளங்களை அலைக்கழிக்காமல் விட்டுவிடுவதும் நம் கடமை. வயதானவர்களுக்குக் குனிந்து பார்ப்பது அரை மணி நேரத்தில் கழுத்தை வலிக்கச் செய்யும். ஒரு சிறு தலையணை எடுத்துச் செல்லுங்கள். பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அந்த மூத்த வழிகாட்டி எந்த நடையில் வருகிறார் என்று கேட்டுப் பதிவு செய்வது நல்லது. மற்ற நடைகளில் வரும் இளைஞர்கள் இன்னும் கற்றுக்கொண்டிருப்பதாகவே கரையில் கேள்விப்பட்டேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் சேவையை நடத்துபவர்களைத் தொலைபேசியில் அழைத்து நங்கூரத்தைப் பற்றிப் பேசினேன். மூன்று நிறுத்தங்களிலும் மிதவை போட அனுமதி கேட்டு விண்ணப்பித்திருப்பதாகவும், அது வரும்வரை மணல் பரப்பில் மட்டுமே நங்கூரம் இட வேண்டும் என்று படகோட்டிகளுக்குச் சொல்லியிருப்பதாகவும் கூறினார்கள். அடுத்த பருவத்தில் மகளின் தோழியர் மூவரோடு மீண்டும் போகப் பேசிவைத்திருக்கிறோம். அவர்கள் நுனிகளை எண்ணுவதற்குக் குறிப்பேடு தயாராக வைத்திருக்கிறார்கள். நான் மிதவைகளை எண்ணி வந்து எழுதுகிறேன்.